அடுப்பைத் துலக்கிய தீ

நீரும் மண்ணும் சாம்பலும் கொண்டு கலம் துலக்குதல் நம் நாட்டு வழக்கம். புளியும் உப்பும் சேர்ந்தால் செம்பு பொன்னிறம் பெறும். அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் சேர்ந்தால் இரும்பின் பிசுக்கு அகலும். ஆயினும் நீர் பட்டால் கெடும் பொருள்களும் உலகில் உள்ளன. அவற்றைத் தீயே தூய்மை செய்தல் வேண்டும். பொற்கொல்லரின் உலை இதற்கு முதற்சான்று. வள்ளுவரும் தவம் என்னும் அதிகாரத்தில் தீயிலிட்ட பொன்னை உவமையாக எடுத்தாண்டார். தீ அழிக்கும் என்பதை யாவரும் அறிவர். அது துலக்கவும் செய்யும் என்பதை அடுப்படியில் நிற்போர் அறிவர். அவ்வடுப்படி அறிவைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம். தமிழ்த்துறை வெளியிடும் மலரில் அடுப்புக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் இறுதிவரை படிப்பார்களாக.

தீயால் துலக்கும் கலை மேலை நாட்டிலும் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, விருந்துக் கூடங்களில் அழுக்கேறிய கைத்துண்டுகளைத் தீயில் இட்டு, நீரில் வெளுத்ததினும் தூய்மையாக எடுப்பதைத் தாமே கண்டதாக எழுதியுள்ளார். 13ஆம் நூற்றாண்டின் பயணி மார்க்கோ போலோவும் அத்தகைய துணியைப் பற்றிக் குறித்துள்ளார். அது மண்ணிலிருந்து தோண்டி எடுத்த கல்நார். எரியாத அந்நாரின் தூசியே நுரையீரலில் புற்றுநோயை விளைக்கும் என்பதை 20ஆம் நூற்றாண்டு கண்டறிந்தது. துணி வெளுத்தது, அதனை நெய்தவர் மூச்சு கெட்டது. ஒரு பொருளைத் தூய்மை செய்யும் முறையை ஆராயும்போது, தூய்மை செய்பவரின் நிலையையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சந்தையும் சூட்டிறைச்சியும்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் வடமதுரையைக் கடந்ததும் வருவது அய்யலூர். வியாழன்தோறும் அங்குக் கூடும் ஆட்டுச் சந்தை தென் மாவட்டங்கள் எங்கும் பெயர் பெற்றது. விடியுமுன்னரே வெள்ளாடும் செம்மறியும் நாட்டுக்கோழியும் கட்டுச்சேவலும் வந்து இறங்கும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்திய வியாழக்கிழமைகளில் சாலையோரம் நடக்க இடமிராது. ஊரைச் சூழ்ந்த குன்றுகளின் உலர்காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. அவ்வுயிரைக் காக்கும் பொருட்டுத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதற் சரணாலயம் அதுவே.

இவ்வூரில் எம் தங்கையின் கணவர் சாலையோரத்தில் சிற்றுணவகம் ஒன்று நடத்துகிறார். வளைகுடா நாட்டில் பல்லாண்டு உழைத்துத் திரும்பியவர். அங்கு உண்டு பழகிய சூட்டிறைச்சியை இங்கும் வழங்கவேண்டும் என்பது அவர் அவா. சந்தையில் ஆடும் கோழியும் கிடைக்கின்றன. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி லாரிகளில் வந்து சேர்கிறது. காட்டு விறகுக்குக் கை நீட்ட வேண்டிய தேவையில்லை. எனவே தொழில் தழைத்தது.

இறைச்சியைச் சுட்டு உண்ணல் தமிழர்க்குப் புதுவதன்று. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் கரிகாலனின் விருந்தை மாணவர்கள் நினைவுகூர்வார்களாக. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுவிய ஊனை, வெம்மை தாங்காமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி இட்டு ஆற்றி உண்டனராம் பொருநர். இரவும் பகலும் ஊன் மென்றதால் பற்கள் உழுத கொழுப்போல் மழுங்கினவாம். பாட்டில் உண்டோரின் பல் பேசப்படுகிறது. அவ்விருந்து முடிந்த பின் கம்பியையும் அடுப்பையும் துலக்கியவர் யார் என்பது பேசப்படவில்லை.

முட்டை வடிவ அடுப்பு

சென்ற ஆண்டு எம் தங்கை கணவர், மூடப்பட்ட ஒரு விடுதியின் தட்டுமுட்டுப் பொருள்களை ஏலம் எடுத்தவரிடமிருந்து பீங்கான் கரியடுப்பு ஒன்றை வாங்கி வந்தார். பெரிய முட்டையொன்றை நிறுத்தி வைத்தாற்போன்ற வடிவம். மேற்பாதி மூடி; கீழ்ப்பாதி உலை. அடியில் காற்று நுழைய ஒரு கதவு. உச்சியில் புகை வெளியேற ஒரு துளை. சுவரின் கனம் இரண்டு விரலுக்குக் குறையாது. நான்கு பேர் சேர்ந்தே வண்டியிலிருந்து இறக்கினர்.

இவ்வடுப்பின் வரலாறு சுவையானது. சப்பானியர் சோறு வேகவைக்கப் பயன்படுத்திய மூடியுள்ள மண் அடுப்பு இதன் மூதாதை. அடுப்பு என்பதற்கு அவர்கள் மொழியில் கமாடோ என்று பெயர். இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்த பின், சப்பானில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் இதனைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். 1974இல் அட்லாண்டா நகரில் எட் பிஷர் என்பவர் இதனை விற்கத் தொடங்கினார். பின்னர் எளிதில் வெடிக்காத உயர்வகைப் பீங்கானில் செய்தனர். ‘பிக் கிரீன் எக்’ என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது அதுவே. ஆக, கீழை நாட்டு மண் அடுப்பு மேலை நாடு சென்று, விலையேறிய பொருளாகி, வளைகுடா வழியாக எம் ஊர்ச் சாலையோரத்திற்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த அடுப்பின் உட்புறம் காணச் சகிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் சொட்டிய கொழுப்பு தார்போல் இறுகியிருந்தது. மூடியின் உட்புறத்தில் கரிய செதில்கள் தொங்கின. நெடுநாள் மூடிக் கிடந்தமையால் பூஞ்சையும் படர்ந்திருந்தது. சமையல்காரர் சோடாக்காரம் வேண்டும் என்றார். பரிமாறுபவர் சவர்க்காரமும் வெந்நீரும் போதும் என்றார். இன்னொருவர் உளியைக் கையில் எடுத்துவிட்டார்.

“மச்சான், ஒடைச்சுப் போட்டுட்டுக் காசு போனாப் போகுதுன்னு இருந்துடலாமா?” என்று எம்மை நோக்கினார் தங்கை கணவர்.

உடைத்தல் எளிது. ஆயினும் உடைக்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதற்கு எம் மார்க்கத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, கி.பி. 628இல், கைபர் போரின்போது உண்ணத் தகாதென விலக்கப்பட்ட இறைச்சி பானைகளில் வெந்துகொண்டிருந்தது. அதனைக் கொட்டிவிட்டுப் பானைகளை உடைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் பணித்தார்கள். கொட்டிவிட்டுக் கழுவிக்கொள்ளலாமா எனத் தோழர் ஒருவர் வினவ, அதற்கும் இசைவளித்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி. கலத்தை மீட்கும் வழி இருக்குமாயின் அதனை நாடுதல் தகும் என்று தங்கை கணவரிடம் கூறினோம்.

மண் குடிக்கும்

அவ்வுணவகத்திற்குக் குழம்புச் சட்டிகள் தரும் முதிய வேளார் ஒருவர் அன்று பணம் பெற வந்திருந்தார். அடுப்பைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். விரலில் ஒரு சொட்டு நீரைத் தொட்டு, கொழுப்புப் படியாத உலையின் அடிப்பக்கத்தில் வைத்தார். நீர் கணப்பொழுதில் உள்ளே மறைந்தது. மற்றொரு சொட்டைப் பளபளக்கும் வெளிப்புறத்தில் வைத்தார். அது அப்படியே நின்றது.

“வெளியே மெருகு இருக்கு, உள்ளே வெறும் மண்ணுதான். மண்ணு குடிக்கும். இன்னிக்குச் சோப்பைக் குடிச்சா நாளைக்குக் கறியிலே கக்கும்” என்றார்.

அவர் சொல் எமக்கு எம் நன்னியை நினைவூட்டியது. மீன் சமைக்கும் மண்சட்டியில் நன்னி சவர்க்காரம் படவிட மாட்டார்கள். நெடி நீங்காத சட்டியை அடங்கிய தணலின்மேல் கவிழ்த்துவைப்பார்கள். மறுநாள் சட்டி புதியதுபோல் இருக்கும். அதே நன்னி, பிரியாணி ஆக்கும் செம்புத் தேக்சாவை வெறுமனே அடுப்பில் ஏற்றியவர்களைக் கடிந்துகொண்டதும் உண்டு. காரணம், அதன் உட்புறம் ஈயம் பூசப்பட்டது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். மண்சட்டியோ 600 பாகைக்கு மேற்பட்ட சூளையில் பிறந்தது. பிறந்தபோது தாங்கிய வெப்பத்திற்குக் குறைந்த வெப்பத்தை அது மீண்டும் தாங்கும். எந்தக் கலத்தைத் தீயில் வைக்கலாம், எதை வைக்கலாகாது என்னும் இவ்வேறுபாட்டை நன்னி எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை.

சூளையில் சுட்ட மண்ணைச் சூட்டினாலேயே துலக்கவேண்டும் என்பது வேளாரின் முடிபு. அடுப்போடு வந்த கையேட்டை யாம் புரட்டினோம். அதிலும் அவ்வாறே கண்டிருந்தது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அச்சாகியிருந்த அந்நூலில் தமிழ் இல்லை.

அஞ்சி நின்ற மாணவர்

நம் துறையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவர் ஒருவர் மாலை நேரங்களில் அவ்வுணவகத்தில் பணிபுரிகிறார். தந்தையை இழந்தவர், தங்கையின் படிப்புச் செலவையும் தாமே ஏற்றிருப்பவர். தீயிடப் போகிறோம் என்றதும் அவர் முகம் வாடியது. சுவரோரம் ஒதுங்கினார்.

“பயமா இருக்குங்கய்யா” என்றார்.

காரணம் வினவினோம். முந்திய ஆண்டு அவர் வேறோர் உணவகத்தில் இரவு வேலை பார்த்தார். அங்கும் இத்தகைய மூடியடுப்பு உண்டு. ஓரிரவு வேலை முடிந்து இரு துளைகளையும் அடைத்தனர். கால்மணி நேரம் கழிந்தது. தீ அவிந்ததா என்று பார்க்கச் சொன்னார்கள். இவர் மூடியை ஒரே வீச்சில் தூக்கினார். அடங்கிக் கிடந்த உலையிலிருந்து தீ பந்துபோல் எழுந்தது. புருவமும் முன்தலை மயிரும் பொசுங்கின. வலக்கை முழங்கை வரை வெந்தது. மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. வருகைக் குறைவுக்குக் காரணம் கேட்டபோது காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்திருந்தார். சட்டையின் நீண்ட கையை அவர் எப்போதும் மடிக்காததன் காரணமும் எமக்கு அன்றே விளங்கிற்று. அவ்வுணவகத்தின் பெயர் ஈண்டு வேண்டா. அடுப்போடு வந்த எச்சரிக்கை நூல் அங்கும் இருந்தது. மேசை இழுப்பறையில், ஆங்கிலத்தில்.

வேளார் அவரை அருகழைத்து, “கரிமூட்டம் பார்த்திருக்கியா தம்பி?” என்று கேட்டார்.

“இல்லீங்கய்யா.”

“கட்டையை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண்ணை மெழுகித் தீ வைப்பாங்க. காத்து கொஞ்சமாத்தான் போகும். அதனாலேதான் கட்டை சாம்பலாகாமக் கரியாகுது. ஆறுறதுக்கு முன்னாடி பிரிச்சா என்னாகும்? குபீர்னு புடிச்சுக்கும். உள்ளே தீ செத்துப் போகலே, பட்டினி கெடக்குது. நீ கதவைத் திறந்து ஒரேயடியாச் சோறு போட்டுட்டே.”

வேதியியல் பேராசிரியர் இதனினும் தெளிவாக விளக்கியிருக்க இயலாது. காற்று அடைபட்ட உலையில் கரி வெம்மை மாறாமல் இருக்கும். எரியாத வளிகள் உள்ளே திரண்டு நிற்கும். மூடி சட்டெனத் திறந்தால் உயிர்வளி பாயும். திரண்ட வளி முழுவதும் ஒருங்கே பற்றும். தீயணைப்புத் துறையினர் அடைபட்ட அறையின் கதவைத் திறக்க அஞ்சுவதும் இதன்பொருட்டே. மாணவர் தம் கையைப் பார்த்துக்கொண்டார். ஓராண்டாகத் தம் கவனக்குறைவே காரணம் என்று எண்ணியிருந்தவர், அதற்கு ஒரு விதி உண்டு என்பதை அன்றே அறிந்தார்.

தீயிட்ட மாலை

அடுப்பைக் கொல்லையில், கூரைக்கும் விறகுக்கும் எட்டாத வெளியில் நிறுத்தினோம். அடைபட்ட இடத்தில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் குளிர்ந்த நிலையிலேயே பழைய சாம்பலை வாரினர். தேங்கிய கொழுப்பை மரக்கரண்டியால் வழித்து எடுத்தனர். இப்படி வழிக்காமல் தீயிட்டால் துலக்கம் நேராது. எண்ணெய்த் தீயே மூளும். மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த கம்பளிப் பட்டை மிகு வெப்பத்தில் கருகக்கூடும் என்று கையேடு கூறியது. அதற்கு மாற்றுப் பட்டை வாங்கித்தர எம் தங்கை கணவர் இசைந்தார். மூடியை இறுக்கும் இரும்பு வளையத்தின் திருகுகளையும் சரிபார்த்தார், ஏனெனில் சூட்டில் இரும்பு விரியும். வளையம் தளர்ந்தால் மூடி நழுவும்.

பின்னர்க் கரியை நிரப்பித் தீ மூட்டினர். கீழ்க்கதவும் மேல்துளையும் முழுதும் திறந்திருந்தன. தீ பற்றியதும் மூடியை இறக்கினர். வேளார் வெப்பமானியைப் பார்க்கவில்லை; புகையையே பார்த்தார். முதலில் மஞ்சள் கலந்த தடித்த புகை எழுந்தது. பழைய கொழுப்பின் நாற்றம் தெருவரை சென்றது. அரைமணி கழித்துப் புகை மெலிந்து நீலமாயிற்று. பிறகு புகையே இல்லை. துளையின்மேல் காற்று மட்டும் அலையாடியது. வெப்பமானி 340 பாகையைக் காட்டியது. மாணவர் வெப்பமானியைப் பார்த்துச் சொன்னார். வேளார் புகையைப் பார்த்துச் சொன்னார். இருவர் சொல்லும் ஒத்திருந்தன.

மேலும் அரைமணி அவ்வாறே விட்டபின், முதலில் கீழ்க்கதவையும் அடுத்து மேல்துளையையும் அடைத்தனர். “இனி விடியற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது” என்றார் வேளார். நீர் ஊற்றி அணைத்துவிடலாமே என்றார் சமையல்காரர். வெந்த சுவரில் குளிர்நீர் பட்டால் ஒருபுறம் சுருங்கி மறுபுறம் விரிந்து பீங்கான் பிளக்கும் என்பதை எடுத்துக் கூறினோம்.

மறுநாள் காலை மாணவரே மூடியைத் திறந்தார். வேளார் கற்பித்தபடி, குளிர்ந்திருந்தும் முதலில் இரண்டு விரற்கடை தூக்கி இறக்கினார். மீண்டும் தூக்கி இறக்கினார். மூன்றாம் முறை முழுதும் திறந்தார். கம்பிவலையில் தார்போல் இறுகியிருந்தது சாம்பல் தூளாகிக் கிடந்தது. உலைச் சுவர் வெளுத்திருந்தது. மூடியின் உட்செதில்கள் தென்னந்துடைப்பம் பட்டதும் உதிர்ந்தன. ஒரு சொட்டு நீரும் ஒரு துளிச் சவர்க்காரமும் செலவாகவில்லை.

இதன் இயல்பு எளியது. கொழுப்பு முதலில் ஆவியாகிப் புகையும், எஞ்சியது கரியாகும், போதிய காற்றும் வெப்பமும் கிடைத்தால் அக்கரியும் எரிந்து வளியாகிச் சாம்பலே மிஞ்சும். மேலை நாடுகளில் தானே துலங்கும் மின்னடுப்புகள் ஏறத்தாழ 480 பாகை வரை சூடேறி இதனையே செய்கின்றன. எனினும் இதனை நாள்தோறும் செய்தல் தகாது. அடிக்கடி மிகு வெப்பம் ஏற்றினால் உலைச் சுவர் வெடிக்கும். நாளும் சாம்பல் வாரி, வலையைத் தேய்த்து வந்தால் ஆண்டுக்கு ஓரிரு முறை போதும்.

துலக்குவோர் நிலை

இங்கு ஒரு செய்தியைச் சிந்திக்க வேண்டும். கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையிலும் புகைக்கரியிலும் பென்சோபைரீன் என்னும் பொருள் உண்டு. உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை மனிதர்க்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதற்பிரிவில் வைத்துள்ளது. இவ்வுண்மைக்கு நெடிய வரலாறு உண்டு. 1775இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துலக்குவோரிடம் காணும் ஒருவகைப் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என எழுதினார். தொழில் காரணமாக வரும் புற்றுநோயை உலகம் அறிந்தது அதுமுதலே. குறுகிய புகைபோக்கிகளில் ஏறத் தக்கவர் சிறுவர்களே என்பதால் ஏழைச் சிறுவர்கள் அவ்வேலையில் அமர்த்தப்பட்டனர். சட்டங்கள் பல வந்தும் பயனில்லை. 1875இல் கேம்பிரிட்சுக்கு அருகில் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் புகைபோக்கியில் சிக்கி மாண்ட பின்னரே, சட்டம் வலுப்பெற்று அக்கொடுமை ஒழிந்தது. மருத்துவர் எழுதியதற்கும் கொடுமை ஒழிந்ததற்கும் இடையே சரியாக நூறாண்டு!

அறிவு நூலில் இருந்தது. புகைபோக்கியில் ஏறிய சிறுவனை அது சென்று சேரவில்லை. நம் நெடுஞ்சாலை ஓரங்களில் நள்ளிரவுக்குப் பின் தந்தூரி அடுப்பின் சாம்பலை வாரும் இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். மூக்கை மறைக்க ஒரு துணியும், கைக்கு ஓர் உறையும், தீயின் போக்கை உரைக்கும் நான்கு வரியும் அவர்களுக்குக் கிடைத்தல் அரிதோ?

சுவரில் ஏறிய தமிழ்

அந்நான்கு வரியை எழுதும் பணியை அம்மாணவரிடமே ஒப்படைத்தோம். முதலில் அவர் எழுதிவந்தது கையேட்டின் சொற்களை அகராதி கொண்டு பெயர்த்தது. ‘கீழ்க்காற்றோட்டக் கட்டுப்பாட்டமைவு’ என்பது அதில் ஒன்று. வேளாரிடம் படித்துக் காட்டுமாறு கூறினோம். வேளார் சிரித்துவிட்டு, “அது வாயி, மேலே இருக்கிறது கண்ணு” என்றாராம். மாணவர் தாளைத் திருத்தினார். இறுதியில் அமைந்த வாசகம் வருமாறு:

1. அடுப்பு ஆறிய பின்பே சாம்பல் வாரவும். வாய், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளவும்.

2. தேங்கிய கொழுப்பை வழித்த பின்பே கரி போடவும்.

3. வாயையும் கண்ணையும் திறந்துவைத்துத் தீ ஏற்றவும். புகை நின்றபின் அரைமணி பொறுக்கவும்.

4. முதலில் வாயை அடைக்கவும். பிறகு கண்ணை அடைக்கவும். விடியும்வரை தொடவேண்டா.

5. சூடான அடுப்பை ஒரேயடியாகத் திறவாதே! முகத்தை விலக்கி, இரண்டு விரற்கடை மும்முறை தூக்கி இறக்கிய பின்பே திற.

6. சூடான அடுப்பில் நீர் ஊற்றாதே.

ஐந்தாம் விதியில் மட்டும் மாணவர் மரியாதை விகுதியை விட்டு ஏவலுக்கு மாறியிருந்தார். ஏன் என்று வினவினோம். “அந்த எடத்துல மரியாதையா சொன்னா நின்னு கேக்க மாட்டாங்கய்யா” என்றார். ஆறாம் விதியையும் அவ்வழியே முடித்திருந்தார். நன்னூலில் ஏவல் வினைமுற்றை நாம் பல முறை நடத்தியிருக்கிறோம். அதன் பயனை ஒரு மாணவர் இவ்வளவு திட்பமாக உணர்ந்து எழுதக் கண்டது அதுவே முதன்முறை. அத்தாள் இன்று கண்ணாடிச் சட்டத்தில் அவ்வுணவகச் சுவரில் தொங்குகிறது. சாலையில் செல்லும் வேறு மூன்று உணவகத்தார் படியெடுத்துச் சென்றுள்ளனர். மாணவரும் கையுறை அணிந்து அடுப்பருகே நின்று வேலை செய்கிறார்.

அய்யலூரிலிருந்து திருச்சி நோக்கிச் சென்றால் வருவது மணப்பாறை. அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட மணவை முஸ்தபா (1935–2017) அவர்கள், யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பை நெடுங்காலம் நடத்தியவர்; மருத்துவத்திற்கும் கணினிக்கும் தமிழ்க் கலைச்சொல் அகராதிகள் தொகுத்தவர். தமிழால் எதனையும் சொல்ல முடியும் என்பதை வாதத்தால் அன்றிச் செயலால் காட்டிய பெருமகனார். அவர் தொடங்கிய பணி பேரகராதிகளோடு முடிவதன்று. பட்டறையிலும் தோல் பதனிடும் கூடத்திலும் நூற்பாலையிலும் உணவகத்தின் பின்கட்டிலும் தொடரவேண்டியது.

அன்பு மாணவர்களே! உங்களுள் பலர் படிப்புக்கிடையே ஏதேனும் ஒரு தொழிலில் உழைப்பவர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஓர் இயந்திரமோ ஓர் அடுப்போ இருக்கும். அதன் எச்சரிக்கை பிறமொழியில் எங்கோ மடிந்து கிடக்கும். அதனைத் தேடி எடுங்கள். அத்தொழிலில் முதிர்ந்தவரிடம் அமர்ந்து அவர் சொல்லைக் கேளுங்கள். கேட்டதை ஒரு பக்கத்திற்கு மிகாமல் நல்ல தமிழில் எழுதி, உடன் உழைப்போர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். எழுதியதை எம்மிடம் கொணர்ந்தால் சந்திப் பிழை பார்த்துத் தருவோம். பொருட்பிழையை அத்தொழிலாளரே பார்த்துத் தருவார். இவ்வாண்டு துறையின் கையெழுத்து ஏட்டில் அத்தகைய தாள்களுக்கெனப் பத்துப் பக்கங்களை ஒதுக்கியுள்ளோம். முதற்பக்கத்தில் அடுப்பு விதிகள் ஆறும் இடம்பெற்றுவிட்டன. எஞ்சிய ஒன்பது பக்கங்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.